டிரம் பிரேக்கை டிஸ்க்காக மாற்றினால் மட்டும் போதுமா? மலை இறக்கத்தில் பழைய காரைக் காப்பாற்றும் 'மாஸ்டர் சிலிண்டர்' கணக்கு

போளூரிலிருந்து ஜமுனாமரத்தூருக்கோ, ஆலங்காயத்திலிருந்து காவலூருக்கோ ஒரு பழைய அம்பாசடரை ஏற்றிக்கொண்டு போவது பெரிய சிரமமில்லை. இன்ஜின் கொஞ்சம் சூடாகும், இரண்டாவது கியரில் முனகும், அவ்வளவுதான். உண்மையான சோதனை திரும்பி இறங்கும்போதுதான் வரும். வளைவுக்கு வளைவு பிரேக்கில் கால் வைத்தபடியே இறங்க வேண்டும். பாதி இறக்கத்தில் பெடல் திடீரென்று மெத்தென்று ஆகி, அடிவரை போய்விட்டால்?

இந்தப் பயத்தில்தான் பழைய கார் பிரியர்கள் பலர் முன் சக்கரங்களில் டிரம் பிரேக்கைக் கழற்றிவிட்டு டிஸ்க் பிரேக் போடுகிறார்கள். அம்பாசடர், பிரீமியர் பத்மினி, ஸ்டாண்டர்டு ஹெரால்டு, மோரிஸ் மைனர் என்று வண்டி எதுவானாலும் டிஸ்க், காலிப்பர், ஹப் எல்லாவற்றையும் தேடித் தேடி வாங்குவார்கள். ஆனால், 'மாஸ்டர் சிலிண்டர் எது?' என்று கேட்டால், 'பழசே நல்லாத்தானே இருக்கு' என்றோ, 'பெருசா ஒண்ணு போட்டுக்கலாம்' என்றோதான் பெரும்பாலும் பதில் வரும்.

இரண்டுமே தவறான பதிலாக இருக்கலாம். ஊருக்குள் ஓட்டும்போது அந்தத் தவறு தெரியவே தெரியாது. ஜவ்வாது மலை போன்ற இறக்கத்தில்தான் தெரியும். அதனால் இந்த ஒரு பாகத்தை எப்படித் தேர்வு செய்வது என்று விரிவாகப் பார்ப்போம்.

மாஸ்டர் சிலிண்டர் என்ன செய்கிறது?

பிரேக் பெடலுக்கு அந்தப் பக்கம் இருக்கும் ஒரு கைப்பம்பு என்று இதை நினைத்துக்கொள்ளலாம். நீங்கள் பெடலை மிதிக்கும்போது ஒரு தண்டு மாஸ்டர் சிலிண்டருக்குள் இருக்கும் பிஸ்டனைத் தள்ளும். பிஸ்டன் பிரேக் ஆயிலைத் தள்ளும். அந்த ஆயில் குழாய் வழியாகப் போய் நான்கு சக்கரங்களிலும் உள்ள பிஸ்டன்களைத் தள்ளும். அவை டிரம்மில் ஷூவையோ, டிஸ்க்கில் பேடையோ அழுத்தும்.

இதில் இரண்டு விஷயங்கள் நடக்கின்றன. ஒன்று, மாஸ்டர் சிலிண்டர் அழுத்தத்தை உருவாக்குகிறது. இன்னொன்று, ஆயிலை இடம் நகர்த்துகிறது. சிலிண்டரின் உள்விட்டம், அதாவது மெக்கானிக்குகள் 'போர்' என்று சொல்லும் அளவு, இந்த இரண்டையும் எதிரெதிர்த் திசையில் இழுக்கும். போர் சிறிதாக இருந்தால் அழுத்தம் அதிகம் கிடைக்கும், ஆனால் ஆயில் குறைவாகத்தான் நகரும். போர் பெரிதாக இருந்தால் ஆயில் நிறைய நகரும், ஆனால் அழுத்தம் குறையும். டிஸ்க்குக்கு மாற்றும்போது வரும் எல்லாச் சிக்கலுக்கும் இதுதான் வேர்.

டிரம்மும் டிஸ்க்கும் எங்கே வேறுபடுகின்றன?

டிரம் பிரேக்கில் ஒரு மறைமுக உதவி இருக்கிறது. சக்கரம் சுற்றும் திசையில் இருக்கும் ஷூ டிரம்மைத் தொட்டதும், டிரம்மே அதைத் தன்னோடு இழுத்து இன்னும் இறுக்கமாக அழுத்தச் செய்யும். நீங்கள் கொடுக்கும் விசையை வண்டியே கொஞ்சம் பெருக்கிக்கொள்கிறது. அதனால்தான் அந்தக் காலத்துக் கார்கள் பலவும் பூஸ்டர் இல்லாமலே கால் பலத்தில் நின்றன.

டிஸ்க்கில் இந்த உதவி கிடையாது. பேட் நேராகப் போய்த் தட்டை அழுத்தும். எவ்வளவு அழுத்தினீர்களோ, அவ்வளவுதான் பிடிக்கும். எனவே டிஸ்க்குக்கு டிரம்மைவிட அதிக ஆயில் அழுத்தம் தேவை.

சரி, அப்படியானால் சின்ன போர் வைத்து அழுத்தத்தைக் கூட்டிவிடலாமே? அங்கேதான் அடுத்த சிக்கல். காலிப்பரில் இருக்கும் பிஸ்டன், டிரம்மின் வீல் சிலிண்டரைவிட பல மடங்கு பெரியது. உதாரணத்துக்கு, 48 மி.மீ. விட்டமுள்ள ஒரு காலிப்பர் பிஸ்டனின் பரப்பு சுமார் 18 சதுர சென்டிமீட்டர். முக்கால் அங்குல வீல் சிலிண்டரின் பரப்பு 3 சதுர சென்டிமீட்டர்கூட இல்லை. பெரிய பிஸ்டன் கொஞ்சம் நகர்ந்தாலே நிறைய ஆயிலைக் குடித்துவிடும். கூடவே, உயர்ந்த அழுத்தத்தில் ரப்பர் ஹோஸ் சற்று விரியும், காலிப்பரும் லேசாக நெளியும். அதற்கும் ஆயில் வேண்டும்.

சுருக்கமாகச் சொன்னால், டிஸ்க்குக்கு அழுத்தமும் அதிகம் வேண்டும், ஆயிலும் அதிகம் வேண்டும். ஒன்றுக்குச் சின்ன போர், இன்னொன்றுக்குப் பெரிய போர். இந்த இழுபறியைத் தீர்த்து வைப்பதுதான் மாஸ்டர் சிலிண்டர் தேர்வு.

'பழைய மாஸ்டரே இருக்கட்டும்' என்றால் என்ன ஆகும்?

டிரம் பிரேக்குக்காகச் செய்யப்பட்ட பழைய மாஸ்டரில் மூன்று விஷயங்கள் டிஸ்க்கோடு ஒத்துப்போகாது.

முதலாவது, 'ரெசிடுவல் வால்வு'. டிரம் வண்டிகளின் மாஸ்டர் சிலிண்டர் பலவற்றில், ஆயில் வெளியேறும் இடத்தில் ஒரு சின்ன வால்வு இருக்கும். பெடலிலிருந்து காலை எடுத்த பிறகும் குழாயில் ஏறத்தாழ 10 பிஎஸ்ஐ, அதாவது ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 0.7 கிலோ அளவு அழுத்தத்தை அது பிடித்து வைத்திருக்கும். வீல் சிலிண்டரின் ரப்பர் உதடுகள் தளர்ந்து காற்று புகாமல் இருக்கவே இந்த ஏற்பாடு. டிரம்மில் ஷூக்களை இழுத்துப் பிடிக்க வலுவான ஸ்பிரிங் இருப்பதால், இந்தச் சின்ன அழுத்தம் ஒன்றும் செய்யாது.

டிஸ்க் காலிப்பரில் அப்படியொரு ஸ்பிரிங் இல்லை. பிஸ்டனைச் சுற்றியிருக்கும் ரப்பர் சீல் லேசாக முறுக்கிக்கொண்டு, மீண்டும் பழைய நிலைக்கு வரும்போது பிஸ்டனை மயிரிழை அளவு பின்னால் இழுக்கும். அவ்வளவுதான். 18 சதுர சென்டிமீட்டர் பிஸ்டன் மீது 0.7 கிலோ அழுத்தம் நிரந்தரமாக இருந்தால், ஒவ்வொரு பேடும் ஏறத்தாழ 12 கிலோ விசையோடு தட்டில் உரசிக்கொண்டே இருக்கும். பிரேக் அடிக்காதபோதும் பிரேக் பிடித்திருக்கும். ஊருக்குள் மைலேஜ் கொஞ்சம் குறைகிறது என்று மட்டும் தெரியும். மலையில், இறங்கத் தொடங்கும் முன்பே டிஸ்க் சூடாகியிருக்கும்.

இரண்டாவது, ஆயில் டப்பாவின் கொள்ளளவு. டிரம்மில் லைனிங் தேயத் தேய, ஷூவை அட்ஜஸ்ட் செய்து இடைவெளியைச் சரிசெய்கிறோம். வீல் சிலிண்டர் பிஸ்டன் கிட்டத்தட்ட பழைய இடத்திலேயே நிற்கும். டிஸ்க்கில் அட்ஜஸ்ட்மென்ட் கிடையாது. பேட் தேயத் தேய பிஸ்டன் தானாக வெளியே வரும், அந்த இடத்தை ஆயில் நிரப்பும். இரண்டு பேடும் தலா 7 மி.மீ. தேய்ந்தால், மேலே சொன்ன 48 மி.மீ. பிஸ்டனுக்குப் பின்னால் சுமார் 25 மி.லி. ஆயில் போய் நிற்கும். இரண்டு சக்கரத்துக்கும் சேர்த்து 50 மி.லி. பழைய வண்டியின் சின்ன டப்பாவில் இது பெரிய அளவு. லீக்கே இல்லாமல் டப்பா காலியாகி, காற்று உள்ளே போகும்.

மூன்றாவது, ஒற்றை அறை. பழைய கார்கள் பலவற்றில் மாஸ்டர் சிலிண்டருக்கு ஒரே அறை, நான்கு சக்கரத்துக்கும் ஒரே ஆயில் பாதை. எங்காவது ஒரு ஹோஸ் வெடித்தால் நான்கு பிரேக்கும் ஒரே நேரத்தில் போய்விடும். மிஞ்சுவது ஹேண்ட் பிரேக் மட்டும்தான்.

மலை இறக்கத்தில் ஏன் இது உயிர்ப் பிரச்சினை?

ஒரு சின்னக் கணக்கு. ஆட்களோடும் சாமான்களோடும் 1,400 கிலோ எடையுள்ள ஒரு கார், செங்குத்தாக 500 மீட்டர் உயரம் இறங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். (காவலூரில் உள்ள வைணு பாப்பு வானியல் ஆய்வகம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 725 மீட்டர் உயரத்தில் இருக்கிறது.) அந்த இறக்கத்தில் வெளிப்படும் ஆற்றல் ஏறத்தாழ 69 லட்சம் ஜூல். அவ்வளவும் வெப்பமானால், 30 டிகிரியில் இருக்கும் 23 லிட்டர் தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டு போகலாம். சின்ன கியரில் இறங்கினால் இதில் ஒரு பகுதியை இன்ஜின் வாங்கிக்கொள்ளும். காற்றும் டயரும் கொஞ்சம் எடுத்துக்கொள்ளும். மிச்சம் முழுவதும் பிரேக்குக்குத்தான்.

சூடானால் டிரம் ஒரு மாதிரி தோற்கும், டிஸ்க் வேறு மாதிரி தோற்கும். டிரம் சூட்டில் விரிந்து ஷூவை விட்டு விலகும், லைனிங்கின் பிடி குறையும். பெடல் மெல்ல மெல்லத் தாழ்ந்து முன்னறிவிப்பு கொடுக்கும். டிஸ்க் காற்றோட்டத்தில் இருப்பதால் சூட்டை வேகமாக விடும். ஆனால், உரசிக்கொண்டே இருக்கும் பேட் வழியாகச் சூடு காலிப்பருக்குள் ஏறினால், உள்ளே இருக்கும் ஆயில் கொதித்துக் குமிழி விடும். திரவம் அமுங்காது, ஆவி அமுங்கும். அந்த நொடியில் பெடல் பஞ்சு மாதிரி அடிவரை போகும்.

ஆயிலின் வயதும் இங்கே முக்கியம். புதிய டாட் 3 ஆயில் குறைந்தது 205 டிகிரி செல்சியஸ் வரை தாங்க வேண்டும் என்பது தரநிலை. டாட் 4 ஆயிலுக்கு 230 டிகிரி. ஆனால், இந்த ஆயில்கள் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். ஈரம் ஏறிய நிலையில் டாட் 3-க்கான அளவு 140, டாட் 4-க்கு 155 டிகிரிதான். ஷெட்டில் பல வருடம் நின்ற வண்டியின் ஆயில், எல்லை குறைந்துபோன ஆயில். மாஸ்டரை மாற்றும்போது பழைய ஆயிலை முழுவதும் வடித்துவிட்டுப் புதிதாக நிரப்புவது இதனால்தான் கட்டாயம்.

எந்த போர் சரி? கணக்குப் போட்டுப் பார்க்கலாம்

சந்தையில் கிடைக்கும் பொதுவான அளவுகள் முக்கால் அங்குலம் (சுமார் 19 மி.மீ.), ஏழு-எட்டு எனப்படும் 7/8 அங்குலம் (சுமார் 22 மி.மீ.), ஒரு அங்குலம் (25.4 மி.மீ.). பார்வைக்குச் சின்ன வித்தியாசம்தான். ஆனால், விட்டம் வர்க்கமாகப் பெருகுவதால் பரப்பு வேகமாகக் கூடும். முக்காலிலிருந்து ஏழு-எட்டுக்குப் போனால் பரப்பு 36 சதவீதம் கூடும். ஒரு அங்குலத்துக்குப் போனால் 78 சதவீதம் கூடும்.

பூஸ்டர் இல்லாத ஒரு வண்டியை எடுத்துக்கொள்வோம். பெடலின் நெம்புகோல் விகிதம் ஆறுக்கு ஒன்று. நீங்கள் 30 கிலோ விசையில் மிதித்தால், மாஸ்டரின் தண்டில் 180 கிலோ கிடைக்கும். பெடல் 12 சென்டிமீட்டர் நகர்ந்தால் தண்டு 2 சென்டிமீட்டர் நகரும்.

முக்கால் அங்குல போரில் இது ஒரு சதுர சென்டிமீட்டருக்குச் சுமார் 63 கிலோ அழுத்தம் தரும். நகரும் ஆயில் 5.7 மி.லி.

7/8 அங்குலத்தில் அழுத்தம் 46 கிலோவாகக் குறையும். ஆயில் 7.8 மி.லி. ஆகக் கூடும்.

ஒரு அங்குலத்தில் அழுத்தம் 35 கிலோதான். ஆயில் 10 மி.லி. போகும்.

'பெருசா போட்டா பிரேக் நல்லாப் பிடிக்கும்' என்ற நம்பிக்கை எங்கே உடைகிறது என்று இப்போது தெரியும். பூஸ்டர் இல்லாத வண்டியில் ஒரு அங்குல மாஸ்டர் போட்டால், பெடல் கல்லு மாதிரி இருக்கும். அந்தக் கெட்டித்தனத்தை 'நல்ல பிரேக்' என்று பலர் நினைத்துக்கொள்கிறார்கள். உண்மையில் அதே கால் விசைக்கு, முக்கால் அங்குலத்தில் கிடைத்ததில் பாதியைவிடச் சற்றே அதிகமான அழுத்தம்தான் கிடைக்கிறது. வளைவில் திடீரென்று நிறுத்த வேண்டிய நேரத்தில் இரண்டு காலாலும் மிதித்தாலும் பத்தாது.

மறுபக்கம், போர் ரொம்பச் சிறிதாக இருந்தால் பெடல் லேசாக இருக்கும், பிடியும் நன்றாக இருக்கும், ஆனால் நிறைய தூரம் கீழே போகும். பேட் கொஞ்சம் தேய்ந்து, ஆயில் கொஞ்சம் சூடானால், மிச்சமிருக்கும் தூரம் போதாமல் பெடல் தரையைத் தொட்டுவிடும். 'ரெண்டு தடவை பம்ப் பண்ணி அடிச்சா பிடிக்குது' என்று சொல்லும் வண்டிகளில் பின் டிரம் தளர்ந்திருக்கலாம், காற்று இருக்கலாம். இரண்டும் சரியாக இருந்தும் அப்படி என்றால், மாஸ்டரின் அளவைச் சந்தேகிக்க வேண்டும்.

அதனால் நடைமுறையில் பொதுவாகக் கடைப்பிடிக்கும் வழி இதுதான். பூஸ்டர் இல்லை என்றால், பெடல் விகிதம் ஆறுக்கு ஒன்று அளவில் இருக்கிறதா என்று பார்த்து, ஆயில் போதுமான அளவுக்குச் சிறிய போரைத் தேர்ந்தெடுப்பது. பூஸ்டர் இருந்தால், நான்கு அல்லது ஐந்துக்கு ஒன்று என்ற விகிதத்தோடு பெரிய போருக்குப் போவது. முன்பு சொன்ன அழுத்தமா, ஆயிலா என்ற இழுபறியைப் பெரும்பாலான நவீன கார்கள் தீர்த்தது பூஸ்டரால்தான். போரைப் பெரிதாக்கி ஆயிலைக் கூட்டிக்கொண்டன. குறையும் அழுத்தத்தைப் பூஸ்டர் ஈடுகட்டுகிறது.

ஒரு எளிய வழியும் உண்டு. நீங்கள் வாங்கும் காலிப்பர் எந்தக் காரிலிருந்து வந்ததோ, அந்தக் காரின் மாஸ்டர் என்ன அளவு, பூஸ்டர் இருந்ததா, எடை என்ன என்று முதலில் பாருங்கள். அந்த காலிப்பருக்காகக் கணக்குப் போட்டு வைத்தவர்கள் அந்தக் காரைச் செய்த இன்ஜினீயர்கள். அந்த அளவிலிருந்து தொடங்கி உங்கள் பெடலுக்கும் எடைக்கும் ஏற்ப மாற்றுவது, கடையில் கையில் கிடைத்ததை மாட்டுவதைவிட எவ்வளவோ மேல்.

பூஸ்டர் போட்டால் எல்லாம் சரியாகிவிடுமா?

பூஸ்டர் வேலை செய்ய இன்ஜினிலிருந்து வெற்றிட உறிஞ்சல் வேண்டும். பெட்ரோல் இன்ஜினில் அது இன்டேக் மேனிஃபோல்டில் தானாகக் கிடைக்கும். டீசல் இன்ஜினில் அப்படிக் கிடைக்காது. டீசல் அம்பாசடரில் பூஸ்டர் போடுவதென்றால் தனியாக வேக்குவம் பம்ப் வேண்டும். ஆல்டர்னேட்டரோடு சேர்ந்து வரும் பம்புகள் இருக்கின்றன. இதை மறந்துவிட்டுப் பூஸ்டரை மட்டும் மாட்டினால், அது வெறும் தகர டப்பாதான்.

இன்னொன்று, பெட்ரோலை மிச்சம் பிடிக்க இறக்கத்தில் இன்ஜினை அணைத்துவிட்டு நியூட்ரலில் உருட்டும் பழக்கம். இன்ஜின் நின்றால் பூஸ்டரில் மிச்சமிருக்கும் உறிஞ்சல் இரண்டு, மூன்று மிதிக்குத்தான் வரும். அதன் பிறகு பெரிய போர் மாஸ்டரை வெறும் காலால் மிதிக்க வேண்டியிருக்கும். பூஸ்டரை நம்பித் தேர்ந்தெடுத்த மாஸ்டர், பூஸ்டர் இல்லாதபோது உங்களுக்கு எதிராகத்தான் நிற்கும்.

உயரமும் லேசாகக் கை வைக்கும். பூஸ்டர் வெளிக்காற்றின் அழுத்தத்தைப் பயன்படுத்தித்தான் உதவுகிறது. 725 மீட்டர் உயரத்தில் காற்றழுத்தம் கடல் மட்டத்தைவிட ஏறத்தாழ 8 சதவீதம் குறைவு. ஜவ்வாது மலையில் இது பெரிய வித்தியாசம் இல்லை. ஆனால், ஏற்கெனவே பூஸ்டர் சிறியதாக இருந்தால் பெடல் சற்றுக் கனப்பது தெரியும்.

'டி.எம்.சி.' ஏன் கட்டாயம்?

டேண்டம் மாஸ்டர் சிலிண்டர், சுருக்கமாக டி.எம்.சி. ஒரே குழாய்க்குள் இரண்டு பிஸ்டன், இரண்டு அறை, இரண்டு தனி ஆயில் பாதை. ஒன்று உடைந்தாலும் இன்னொன்று பிடிக்கும். பெடல் வழக்கத்தைவிடக் கீழே போகும், ஆனால் வண்டி நிற்கும். அமெரிக்காவில் 1968 முதல் புதிய கார்களில் இப்படிப் பிரித்த பிரேக் அமைப்பு சட்டப்படி கட்டாயமானது. டிஸ்க் பிரேக்குக்குச் செலவு செய்பவர் ஒற்றை அறை மாஸ்டரோடு நிறுத்திக்கொள்வதில் அர்த்தமே இல்லை.

ஆனால், டி.எம்.சி. எல்லாம் ஒன்றல்ல. இன்றைய முன்சக்கர இழுவை கார்கள் பலவற்றில் பிரேக் பாதையைக் குறுக்காகப் பிரித்திருப்பார்கள். ஒரு அறை இடது முன் சக்கரத்துக்கும் வலது பின் சக்கரத்துக்கும், இன்னொரு அறை மற்ற இரண்டுக்கும். அதனால் இரண்டு அறையும் சம அளவில் ஆயில் தள்ளும்படி அமைந்திருக்கும். அம்பாசடர், பத்மினி போன்ற பின்சக்கர இழுவை வண்டியில் முன் இரண்டும் ஒரு பாதை, பின் இரண்டும் ஒரு பாதை என்று பிரிப்பதுதான் வழக்கம். குறுக்குப் பிரிவுக்காகச் செய்த மாஸ்டரின் ஒரு அறையை இரண்டு பெரிய காலிப்பருக்கும் கொடுத்தால், அந்த அறை ஆயில் போதாமல் திணறலாம். 'சின்னக் காரோட டி.எம்.சி. சீப்பா கிடைச்சுது' என்று மாட்டும் முன் இதைக் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்.

எந்தத் துளை முன்னுக்கு, எந்தத் துளை பின்னுக்கு என்பதும் கம்பெனிக்குக் கம்பெனி மாறும். பொதுவாக, டப்பாவில் பெரிய பகுதி எந்த அறைக்கு இருக்கிறதோ, அது டிஸ்க்குக்கு. சந்தேகம் என்றால், அந்த மாஸ்டர் முதலில் இருந்த வண்டியின் சர்வீஸ் புத்தகத்தைப் பார்ப்பதே வழி.

பின் டிரம்மை என்ன செய்வது?

முன்னால் டிஸ்க், பின்னால் டிரம் என்று ஆன பிறகு, இரண்டுக்கும் ஒரே அழுத்தம் போனால் பின் சக்கரம் முதலில் லாக் ஆகிவிடும். பிரேக் அடிக்கும்போது எடை முன்னால் சாயும். இறக்கத்தில் இன்னும் அதிகமாகச் சாயும். பின் டயரின் பிடி குறையும். தன் இழுப்பால் தானே இறுகும் டிரம், லேசான பின் டயரை எளிதில் நிறுத்திவிடும். வளைவில் பின் சக்கரம் லாக் ஆனால் வண்டியின் பின்பக்கம் சறுக்கிக்கொண்டு முன்னால் வரப் பார்க்கும்.

இதைத் தடுக்க, பின் பாதையில் அழுத்தத்தைக் குறைக்கும் 'புரொபோர்ஷனிங் வால்வு' வேண்டும். கையால் திருகி மாற்றக்கூடிய வகையும் உண்டு. அதைப் பின் டிரம் பாதையில்தான் வைக்க வேண்டும், முன் டிஸ்க் பாதையில் அல்ல. பின் வீல் சிலிண்டர் பழைய வகை என்றால், அந்தப் பாதைக்கு மட்டும் 10 பிஎஸ்ஐ ரெசிடுவல் வால்வும் தேவைப்படலாம். மோரிஸ் மைனர் மாதிரி மாஸ்டர் சிலிண்டர் தரைக்குக் கீழே இருக்கும் வண்டிகளில், காலிப்பரிலிருந்து ஆயில் திரும்பி வழியாமல் இருக்க முன் பாதைக்கு 2 பிஎஸ்ஐ வால்வு போடுவார்கள். 10-க்கும் 2-க்கும் இடையில் மாற்றி மாட்டிவிட்டால், மேலே சொன்ன உரசல் கதைதான்.

மாட்டும்போது கவனிக்க வேண்டிய ஒரு மில்லிமீட்டர்

சரியான மாஸ்டரை வாங்கிய பிறகும் ஒரு சின்னத் தவறு எல்லாவற்றையும் கெடுக்கும். பெடல் தண்டுக்கும் மாஸ்டரின் பிஸ்டனுக்கும் நடுவில் ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர் இடைவெளி இருக்க வேண்டும். கால் வைக்காத நிலையில் பிஸ்டன் முழுமையாகப் பின்னால் வந்தால்தான், ஆயில் டப்பாவுக்குத் திரும்பும் சின்னத் துளை திறந்திருக்கும்.

தண்டு ஒரு நூல் நீளமாக இருந்து பிஸ்டனை லேசாகத் தள்ளிக்கொண்டே இருந்தால், அந்தத் துளை மூடிக்கொள்ளும். சூட்டில் விரியும் ஆயிலுக்குத் திரும்பப் போக வழியிருக்காது. அழுத்தம் ஏறும், பேட் இறுகும், இன்னும் சூடாகும், இன்னும் இறுகும். பிரேக்கைத் தொடாமலே வண்டி தானாக இழுத்துப் பிடித்து நின்றுவிடும். புதிதாக மாற்றிய வண்டிகளில் 'கொஞ்ச தூரம் போனதும் பிரேக் ஜாம் ஆகுது' என்ற புகார் வந்தால், முதலில் பார்க்க வேண்டியது இந்த இடைவெளி. லேத்தில் தண்டை மாற்றிச் செய்பவர்கள் நீளத்தைத் திருகி மாற்றும் வசதியோடு செய்வது நல்லது.

மாஸ்டரை மாட்டும் முன் மேஜை வைஸில் பிடித்து உள்ளே இருக்கும் காற்றை எடுத்துவிட வேண்டும். பிறகு நான்கு சக்கரத்திலும் ஏர் எடுக்க வேண்டும். காலிப்பரில் ஏர் எடுக்கும் நிப்பிள் மேல்பக்கம் இருக்கிறதா என்று பாருங்கள். இடது, வலது மாறி மாட்டினால் நிப்பிள் கீழே வந்துவிடும், காற்று மேலேயே தங்கிவிடும்.

மலைக்குப் போகும் முன் எப்படிச் சோதிப்பது?

வண்டியை நிறுத்தி, பெடலைப் பலமாக மிதித்து ஒரு நிமிடம் அப்படியே பிடியுங்கள். மெல்லக் கீழே இறங்கினால் எங்கோ கசிவு, அல்லது மாஸ்டரின் உள் ரப்பர் சரியில்லை. பூஸ்டர் இருந்தால், இன்ஜினை அணைத்துப் பலமுறை மிதித்துவிட்டு, பெடலில் கால் வைத்தபடி ஸ்டார்ட் செய்யுங்கள். பெடல் சற்றுக் கீழே இறங்கினால் பூஸ்டர் வேலை செய்கிறது.

அடுத்து, சமதரையில் 10 கிலோமீட்டர் பிரேக்கை அதிகம் தொடாமல் ஓட்டிவிட்டு, முன் சக்கரத்தருகே கையைக் கொண்டுபோய்ப் பாருங்கள், டிஸ்க்கைத் தொட வேண்டாம். ஒரு பக்கம் மட்டும் அனல் அடித்தாலோ, இரண்டு பக்கமும் அதிகச் சூடாக இருந்தாலோ, பேட் உரசுகிறது. ஜாக்கி போட்டுத் தூக்கிச் சக்கரத்தைக் கையால் சுற்றினாலும் தெரிந்துவிடும். அதைச் சரிசெய்யாமல் மலை ஏறக்கூடாது. கடைசியாக, ஆளில்லாத திறந்த இடத்தில் குறைந்த வேகத்தில் திடீர் பிரேக் அடித்து, எந்தச் சக்கரம் முதலில் லாக் ஆகிறது என்று வெளியே ஒருவரை நிற்கவைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். பின் சக்கரம் முதலில் என்றால் வால்வைத் திருக வேண்டும்.

சட்டம் என்ன சொல்கிறது?

மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு, கம்பெனி கொடுத்த அசல் விவரக்குறிப்புகளுக்கு மாறாக வாகனத்தை மாற்றியமைப்பதைக் கட்டுப்படுத்துகிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதிசெய்தது. எனவே வேலை தொடங்கும் முன்பே வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்திலும், இன்ஷூரன்ஸ் கம்பெனியிலும் கேட்டு, எழுத்தில் வாங்கிக்கொள்வது பாதுகாப்பு. விபத்து நடந்த பிறகு 'நல்லதுக்குத்தானே மாத்தினேன்' என்று சொல்வது க்ளெய்முக்கு உதவாமல் போகலாம்.

50 ஆண்டுகளைக் கடந்த கார்களுக்கு 2021 ஜூலையில் மத்திய அரசு தனிப் பதிவு விதிகளைக் கொண்டுவந்தது. அந்த 'விண்டேஜ்' பதிவுக்கு வண்டி அசல் வடிவத்தில் பராமரிக்கப்பட்டிருக்க வேண்டும். அந்தப் பதிவை யோசிப்பவர்கள், அசல் டிரம், ஹப், மாஸ்டர் எல்லாவற்றையும் தூக்கிப் போடாமல் பத்திரமாக வைத்திருப்பது நல்லது. வெட்டாமல், வெல்டு வைக்காமல், போல்ட்டில் மாட்டிக் கழற்றும்படி மாற்றுவது இன்னும் நல்லது.

அப்படியானால், மாற்றவே வேண்டாமா?

டிஸ்க் பிரேக் புதிய விஷயமல்ல. 1953-இல் லே மான் பந்தயத்தில் ஜாகுவார் அதைப் போட்டு ஜெயித்தது. 1955-இல் வந்த சித்ரோயன் டி.எஸ். காரில் முன் சக்கரங்களில் டிஸ்க்தான். நம் ஊரிலும் இதன் வேர் ஆழமானது. டி.வி.எஸ். குழுமத்தின் பிரேக்ஸ் இந்தியா நிறுவனம் 1962-இல் சென்னை பாடியில் தொடங்கப்பட்டது. அம்பாசடரிலேயே பிற்கால மாடல்களில் முன் டிஸ்க் வந்தது. பழைய அம்பாசடர் வைத்திருப்பவருக்கு இது ஒரு நல்ல செய்தி. ஹப், காலிப்பர், பூஸ்டர், மாஸ்டர் எல்லாம் ஒரே வண்டியிலிருந்து ஒரே செட்டாகக் கிடைத்தால், மேலே சொன்ன கணக்கில் பாதி முடிந்துவிட்டது. சென்னை புதுப்பேட்டையில் தனித்தனியாகத் தேடுவதைவிட, முழு செட்டாகத் தேடுவதே புத்திசாலித்தனம். மாஸ்டரும் காலிப்பரும் பழசாக வந்தால், உள்ளே இருக்கும் ரப்பர் கிட்டைப் புதிதாக மாற்றாமல் மாட்டக்கூடாது.

அப்படி செட் கிடைக்காத வண்டி என்றால், ஒழுங்காகச் சுற்றும் டிரம், நல்ல லைனிங், கசியாத வீல் சிலிண்டர், புதிய ஆயில் ஆகியவற்றோடு இருக்கும் அசல் டிரம் பிரேக்கே, கணக்கில்லாமல் மாட்டிய டிஸ்க்கைவிட நம்பகமானது. ஒற்றை அறை மாஸ்டரை டிரம்முக்கேற்ற டி.எம்.சி.யாக மட்டும் மாற்றிக்கொள்வதும் ஒரு வழி. குறைந்த செலவில் பெரிய பாதுகாப்பு அது.

எந்த பிரேக்காக இருந்தாலும் ஜவ்வாது மலையில் ஒரு விதி மாறாது. எந்த கியரில் ஏறினீர்களோ, அந்த கியரிலேயே இறங்குங்கள். பிரேக்கில் காலை ஊன்றிக்கொண்டே வராமல், வளைவுக்கு முன்னால் அழுத்தி வேகத்தைக் குறைத்து, பிறகு முழுமையாக விடுங்கள். பெடல் வழக்கத்தைவிட ஒரு விரல் கீழே போனாலோ, கருகல் வாசனை வந்தாலோ, அகலமான இடமாகப் பார்த்து நிறுத்தி அரை மணி நேரம் ஆறவிடுங்கள். சூடான சக்கரத்தில் தண்ணீர் ஊற்ற வேண்டாம், டிஸ்க் நெளிந்துவிடும்.